ஒரு அடி முன்னால்

அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பெயர் ஒத்தைக்கண் சார். இரண்டு கண்ணும் பழுதில்லாமல் இருக்கிற மனிதருக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், இரண்டையும் அவர் ஒன்றாகத் திறந்து யாரும் பார்த்ததில்லை. வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாற்பத்து மூன்று வருஷமாக அதே அறையில் கேமராக்களின் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாடிப்படி இறங்கும்போதுகூட இடது கண் பாதி மூடித்தான் இருக்கும். தரைத்தளத்துத் தையல்காரர் இவரை முதன்முதலாகப் பார்த்தபோது தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று நினைத்து ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடை மூன்றாவது மாடியில். தரையோடு கடை போட்டால்தான் நாலு பேர் வருவார்கள் என்று புத்தி சொல்லாத ஆள் கிடையாது. அவர் காதில் போட்டுக்கொண்டதேயில்லை. அந்த அறையை அவர் பிடித்ததே ஜன்னலுக்காகத்தான். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டிகள், துணிக்கொடிகள், கூரைகள் எல்லாவற்றையும் தாண்டி, ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வானொலிக் கோபுரம் தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் இரும்பு. அவருக்கு அதுதான் உரைகல். அந்தக் கோபுரத்தைக் காட்டாமல் எந்தக் கேமராவையும் அவர் கடையை விட்டு அனுப்பியது கிடையாது. ரசீதின் அடியில் 'எங்கள் கை பட்ட கேமரா மங்கலாக எடுக்காது' என்று அச்சடித்தே வைத்திருந்தார். கொஞ்சம் கர்வம்தான். நாற்பது வருஷம் யாரும் அதை மறுத்து வரவில்லை என்னும்போது கர்வம் வராமல் என்ன செய்யும்?

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கேமராவைக் கொண்டுவருகிறவர் சொல்வதை நம்ப மாட்டார். அந்தக் கேமராவில் எடுத்த பழைய படங்களைக் கேட்பார். எங்கே வலிக்கிறது என்று கேமராவுக்குச் சொல்லத் தெரியாது, படத்துக்குத் தெரியும் என்பது அவர் கட்சி.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை காலை, போனில் அவர் சொல்லியிருந்தபடி, ஒரு கையில் கேமராவும் மறு கையில் ஒரு உறை நிறையப் படங்களுமாக ஒரு பெண்மணி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறவர். அதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் வலது கால் தானாக முன்னால் நீண்டு, அங்கே இல்லாத பிரேக்கைத் தேடியது.

"உள்ள பார்த்தா நடுவுல மஞ்சளா ஒரு கட்டம் தெரியணுமாம். ஒண்ணுமே தெரியலைன்னு அப்பா சொல்றார்."

"எத்தனை வருஷமா சும்மா கெடக்கு?"

"முப்பத்தாறு வருஷம். எனக்கு ஒம்பது வயசு இருக்கறப்ப பெட்டியில வச்சார். போன மாசம் அவருக்குக் கண்ணுல புரை எடுத்தாங்க. கட்டைப் பிரிச்சதும் முதல் வார்த்தை, கேமராவை எடுங்கறதுதான்."

"புரை எடுத்தா எல்லாருக்கும் அப்படித்தாம்மா. எங்க சித்தப்பா பேப்பர்ல வர சின்ன விளம்பரமெல்லாம் சத்தமாப் படிச்சு வீட்டையே ரெண்டாக்கிட்டார்."

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. உறையைப் பிரித்து, படங்களைச் சீட்டு பரப்புவது மாதிரி மேஜை மேல் வரிசையாக வைத்தார். எல்லாம் வீட்டுக்குள் எடுத்த படங்கள். அப்பா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கேமராவைத் தொட நேரம் கிடைக்கும்.

"இதெல்லாம் என் அக்கா. என்னைவிட எட்டு வயசு பெரியவ. பாருங்க, ஜடையில முடியை எண்ணலாம். இது நான் பொறந்தப்புறம் எடுத்தது. முன்னாடி நிக்கறது நான், பின்னாடி அக்கா. யார் தெரியறா?"

அக்காதான் தெரிந்தாள். முன்னால் நின்ற குழந்தை புகைக்குள் நிற்பதுபோல் இருந்தது.

"இது என் ஏழாவது பிறந்தநாள். சுவத்துல மாட்டியிருக்கற காலண்டர்ல தேதியைப் படிக்கலாம். என் மூஞ்சியைப் படிக்க முடியாது. இதுல நாற்காலி முதுகு தெரியுது. இதுல கதவுத் தாழ்ப்பாள் தெரியுது. நீ பொறந்ததும் அப்பாவுக்குக் கண்ணு போச்சுடின்னு அக்கா இன்னிக்கும் கேலி பண்ணுவா. வெளிநாட்டுல இருக்கா, போன்லகூட விடமாட்டா. அப்பாவும் ஆமா ஆமா, என் கண்ணுதான் சரியில்லைன்னு சொல்லிட்டுப் போயிடுவார்."

"நீங்க என்ன நெனச்சீங்க?" என்று கேட்டார் ஒத்தைக்கண் சார். கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைத் திறந்தால் அடி வரை பார்க்காமல் அவரால் மூட முடியாது.

அவர் பிறந்தநாள் படத்தைக் கையில் எடுத்தார். "இஷ்டமில்லாதவங்களை யாரும் சரியாப் பார்க்கமாட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டாவதும் பொண்ணாப் போச்சேன்னு இருந்திருக்கும்னு நெனச்சேன். அப்பாவை நான்தான் வச்சுப் பார்த்துக்கறேன், ஒரு குறை வச்சதில்லை. ஆனா உள்ளுக்குள்ள அது அப்படியே இருக்கு. இப்ப கண்ணு சரியாயிடுச்சு, நீங்க கேமராவையும் சரி பண்ணிடுங்க. என்னை ஒரு படம் எடுக்கச் சொல்லப்போறேன். தெளிவா விழுந்தா கண்ணுதான் காரணம். இல்லைன்னா நான் நெனச்சதுதான். நாப்பத்தஞ்சு வயசுல இதைப் போய்ப் பேசறாளேன்னு சிரிக்காதீங்க."

"சிரிக்கலைம்மா. படங்கள் இங்கயே இருக்கட்டும்."

அவர் போன பிறகு ஒத்தைக்கண் சார் கேமராவின் மேல் மூடியைக் கழற்றினார்.

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. பக்கத்தில் தனியாக ஒரு குட்டி ஜன்னல் இருக்கும். அதில் கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சள் கட்டம். எதிரில் இருக்கிறவர் அந்தக் கட்டத்துக்குள் மட்டும் இரண்டாகத் தெரிவார், ஆளும் அவருடைய ஆவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல. லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக ஆவி நகர்ந்து வந்து ஆளோடு ஒட்டும். இரண்டும் ஒன்றானால் தூரம் சரி, பொத்தானை அழுத்தலாம். ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். உள்ளே பெரிய மாயம் ஒன்றுமில்லை, இரண்டு கண்ணாடித் துண்டுகள்தான். ஒன்று அசையாது. மற்றது லென்ஸ் நகரும்போது கூடவே மயிரிழை திரும்பும். பார்வை கொஞ்சம் மங்கின ஆளுக்குக்கூட இரண்டா ஒன்றா என்பது தெரிந்துவிடும். அதனால்தான் கண்ணு போச்சு என்ற கதை அவருக்கு ஆரம்பத்திலேயே இடித்தது.

மஞ்சள் கட்டம் தெரியாததற்குக் காரணம் சுலபம்: பூஞ்சையும் தூசியும். அந்தக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு இருக்கிறதே, அது மகா ரோஷக்காரப் பூச்சு. பஞ்சைக் கொஞ்சம் அழுத்தினால் பூஞ்சையோடு தானும் கிளம்பிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒற்றி ஒற்றி எடுத்தார். கட்டம் திரும்பி வந்தது. லென்ஸை அதன் கடைசிக் குறிக்குத் திருப்பினார். அங்கே எட்டு படுத்துக்கொண்ட மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், எல்லையில்லாத் தூரம் என்று அர்த்தம். லென்ஸ் அங்கே இருக்கும்போது கண்ணுக்கெட்டாத தொலைவில் இருப்பது ஒன்றாகத் தெரிய வேண்டும். ஜன்னலுக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்தார்.

இரண்டு கோபுரம் தெரிந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வருகிற கேமராக்களில் பாதி அப்படித்தான் வரும். அதற்கென்றே ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கிறது, அரைக்கால் சுற்று திருகினால் கோபுரம் ஒன்றாகிவிடும். கையில் திருப்புளி தயாராக இருந்தது. ஆனால் இவருக்குத்தான் அடி வரை பார்க்கிற வியாதி ஆயிற்றே. கீழே விழுந்த கேமரா என்றால் இரண்டு உருவமும் மேலும் கீழுமாகவும் விலகியிருக்கும். இங்கே இரண்டு கோபுரமும் ஒரே மட்டத்தில், பக்கவாட்டில் மட்டும் விலகி நின்றன. உடம்பில் ஒரு நசுங்கல் கிடையாது. சரி, ஸ்க்ரூதான் தானாகத் தளர்ந்ததா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

ஸ்க்ரூ நகராமல் இருக்க அதன் தலையில் ஒரு பொட்டு வர்ணம் வைத்து முத்திரை போடுவது வழக்கம். அந்தப் பொட்டு விரிசல்கூட இல்லாமல் இருந்தது. அதாவது ஸ்க்ரூ நகரவே இல்லை. வைத்தவன் வைத்தபோதே தப்பாக வைத்திருக்கிறான். எந்த மடையன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே விளக்கை அருகில் இழுத்தார்.

பொட்டு மயில் கழுத்து நிறத்தில் இருந்தது.

ஒத்தைக்கண் சார் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இரண்டு கண்ணையும் திறந்து அந்தப் பொட்டைப் பார்த்தார்.

முத்திரைக்குச் சிவப்பு வைப்பார்கள், மஞ்சள் வைப்பார்கள். மயில் கழுத்து நிறம் வைத்த ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். ஒத்தைக்கண் சாரின் சொந்த அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போக வாங்கி, ஒரு விரலில் பூசிப் பார்த்து, நகம் செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று தூக்கிப் போட்ட நகச்சாயம் அது. இருபது வயதில் வேலை கற்று முடித்த கையோடு அந்தக் குப்பியை எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் வைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் வந்தது.

அப்போது அவர் இருந்தது வேறு கடை. ஒரு சந்தில், பாதாள அறை. முதலாளி வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் இவர் ராஜ்யம்தான். அறையில் ஜன்னல் கிடையாது, தெரு மட்டத்தில் ஒரு காற்றோட்டத் துவாரம் மட்டும். அதன் வழியாகப் பார்த்தால் எதிரே ஒரு குட்டைச் சுவர். சுவருக்கு மேலே ஆகாயம், ஆகாயத்தில் ஒரு டிவி ஆன்டெனாவின் தலை. அந்த அறையிலிருந்து பார்க்கக் கிடைத்த தொலைவு அவ்வளவுதான். பெரிய சாலையில் இருந்த உயரமான கட்டடத்தின் மொட்டைமாடி ஆன்டெனா என்று எண்ணிக்கொண்டு, இரண்டு வருஷமும் அதைப் பார்த்துத்தான் கேமராக்களைச் சரி செய்தார்.

அந்தக் கட்டடத்து ஆன்டெனாதானா அது? ஒரு நாளாவது போய்ப் பார்த்தோமா? இருபது வயதில் வராத கேள்வி அறுபத்தைந்தில் வந்தது.

மத்தியானம் சாப்பாட்டுப் பையோடு மனைவி மேலே வந்தபோது, ஒத்தைக்கண் சார் மூன்றாவது மாடி நடைவழியில் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன ஆச்சு? படியில விழுந்து வைக்கப்போறீங்க."

"அங்கயே நில்லு. லென்ஸ் எல்லையில்லாத் தூரத்துல இருக்கு. இந்தக் கேமராவுக்கு எது எல்லையில்லாத் தூரம்னு தேடறேன்." நடைவழியின் கோடியில் எரிந்த பல்பையே அவர் குறி வைத்திருந்தார். இரண்டு பல்பாகத் தெரிந்தது, பின்னால் வர வர நெருங்கி, ஓரிடத்தில் ஒரே பல்பாக ஆனது. "இங்கதான். அளந்து சொல்லு."

அந்த அம்மாள் நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், டேப்புக்கு இல்லை. கைப்பையில் சீப்பு இல்லாமல் வெளியே கிளம்புவார், டேப் இல்லாமல் கிளம்ப மாட்டார். சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் அளந்தார்.

"பதினைஞ்சே கால் மீட்டர். இப்ப சொல்லுங்க, என்ன விஷயம்?"

சொன்னார். சோறு ஆறுகிறவரை சொன்னார்.

மறுநாள் காலை இரண்டு பேருமாகப் பழைய சந்துக்குப் போனார்கள். பாதாள அறை இப்போது சலவைக் கடை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தேன், அந்தத் துவாரம் வழியாக ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று இவர் கேட்டதும், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் இவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், ஆள் சரியாகத்தான் இருக்கிறாரா என்று கேட்கிற பார்வை. அந்த அம்மாள் தலையசைத்ததும் வழி விட்டார்.

துவாரம் அப்படியேதான் இருந்தது. குட்டைச் சுவரும் இருந்தது. ஆன்டெனா இல்லை, ஆனால் அது நின்ற இரும்புக் குழாய் துருப்பிடித்து நின்றது. இவர் இங்கேயே நிற்க, மனைவி தெருவைச் சுற்றிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் குரல் கேட்டது.

"இது பெரிய கட்டடமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஒத்தைமாடிகூட இல்லாத ஸ்கூட்டர் கொட்டகை. சுவத்துக்கு இந்தப் பக்கமே இருக்கு. அடி மறைஞ்சதால உங்களுக்குத் தூரம் தெரியலை. இந்தாங்க, டேப் வருது, பிடிங்க."

டேப்பின் நுனி சுவரைத் தாண்டி வந்து விழுந்தது. இஸ்திரிக்காரரும் பெட்டியை நிறுத்திவிட்டு வந்து ஒரு கை கொடுத்தார்.

"படுக்கைத் தூரம் பதினாலரை மீட்டர், உயரம் நாலரை" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டார் மனைவி. "சாய்வாப் பார்த்தா பதினைஞ்சே காலுக்கு நாலு விரல் கம்மி."

ஒத்தைக்கண் சாருக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, சந்தோஷம். கணக்கு ஒத்துப்போனதில் வருகிற அற்பச் சந்தோஷம். பிறகுதான் அந்தப் பிறந்தநாள் படம் ஞாபகம் வந்தது. பதினைந்து மீட்டரை எல்லையில்லாத் தூரம் என்று சொல்லி வைத்தால், இரண்டு மீட்டரில் நிற்கிற குழந்தையைப் பார்த்து எடுக்கிற படம் ஒரு அடி பின்னால் தள்ளித்தான் விழும். வெயிலில் எடுக்கிறவர்களுக்கு இது தெரியாது, வெளிச்சத்தில் முன்னே பின்னே இருந்தாலும் படம் சமாளித்துக்கொள்ளும். வீட்டுக்குள் மங்கின வெளிச்சத்தில் பக்கத்தில் நிற்க வைத்து எடுக்கிற மனிதர்தான் மாட்டிக்கொள்வார். வேலை முடிந்து பொழுது சாய்ந்து வருகிற தபால் நிலைய ஊழியர் மாதிரி.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது சொன்னார்: "இதுல யோசிக்க ஒண்ணுமில்லை. ஸ்க்ரூவைத் திருப்பிக் குடுத்துட்டா படம் தெளிவா விழும். கண்ணு ஆபரேஷன்தான் காரணம்னு அப்பாவும் பொண்ணும் சந்தோஷமா இருப்பாங்க. நடுவுல நான் எதுக்கு?"

மனைவி முதலில் பேருந்தில் ஏறினார். உட்கார இடம் கிடைத்த பிறகு சொன்னார்.

"எங்க ஆபீஸ் ஆளு ஒருத்தர் எல்லைக்கல்லைத் தப்பா நட்டுட்டார். ரெண்டு வீட்டுக்காரங்க பத்து வருஷம் மூஞ்சி பார்த்துக்கலை. நான் போய் அளந்து கல்லைச் சரியா மாத்தி நட்டேன். அப்பவும் பேசிக்கலை. இத்தனை வருஷம் அவன் திருடினான்னு நெனச்சுட்டேனே, இப்ப எப்படிப் பேசறதுங்கறார் ஒருத்தர். சரி, நட்டதே எங்க ஆபீஸ்தான்னு ஒத்துக்கிட்டேன். உடனே ரெண்டு பேரும் சேர்ந்து எங்களைத் திட்டினாங்க பாருங்க, காது கொடுத்துக் கேட்க முடியலை. சேர்ந்துன்னு சொன்னேன், கவனிச்சீங்களா?"

"அப்ப நான் திட்டு வாங்கணுங்கற."

"வாங்கினா என்ன, தேய்ஞ்சா போயிடுவீங்க?"

கடைக்குத் திரும்பிய ஒத்தைக்கண் சார், முத்திரையை உடைக்கும் முன் ஒரு காரியம் செய்தார். ஃபிலிம் டப்பாக்கள் பத்து எடுத்து நம்பர் எழுதி, ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் சாய்வாக வரிசை வைத்தார். நாலாம் நம்பர் சரியாக இரண்டு மீட்டரில். மஞ்சள் கட்டத்தில் நாலாம் நம்பரை ஒன்றாக்கி ஒரு படம் எடுத்தார். அதற்குப் பிறகுதான் மயில் கழுத்துப் பொட்டைச் சுரண்டி, கோபுரத்தை ஒன்றாக்கி, சிவப்புப் பொட்டு வைத்தார். மறுபடி அதே டப்பாக்கள், அதே நாலாம் நம்பர், இன்னொரு படம். இரண்டையும் பழக்கமான ஸ்டூடியோவில் கொடுத்து அச்சுப் போட்டு வாங்கிக்கொண்டார். ஒரு புது ஃபிலிமைக் கேமராவில் போட்டார். எண்பத்தொரு வயதுக்காரரை மூன்று மாடி ஏற்ற வேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனார்.

அப்பா கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். புதுக் கண்ணின் உற்சாகம் இன்னும் அடங்கவில்லை. வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சட்டையில மூணாவது பட்டன் மட்டும் வேற நிறம்" என்றார்.

"அப்பா" என்று மகள் அதட்டினார்.

ஒத்தைக்கண் சார் கேமராவை அவர் மடியில் வைத்து, பழைய படங்களின் உறையை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு அச்சுப் படங்களையும் சிறு மேஜையில் வைத்தார். "இந்த ரெண்டு படத்துலயும் நான் பார்த்தது நாலாம் நம்பர் டப்பாவை. இது சரி பண்ணினப்புறம் எடுத்தது. இது அதுக்கு முன்னாடி, உங்க பெட்டியில இருந்தபடியே எடுத்தது."

பெரியவர் குனிந்து பார்த்தார். "இதுல நாலு தெரியுது. இதுல ஏழுதானே தெரியுது?"

"ஆமாங்க. நாலைப் பார்த்தா ஏழு விழுந்திருக்கு. ஒரு அடி பின்னால. இந்தப் பொண்ணு பொறந்த வருஷத்துலேர்ந்து கேமரா அப்படித்தான் இருந்திருக்கு."

"அப்ப என் கண்ணு?"

"உங்க கண்ணுல அன்னிக்கு ஒரு கோளாறும் இல்லை. நீங்க சரியாத்தான் பார்த்தீங்க."

"நான் மூணு கண்ணாடி மாத்தினேனே" என்றார் பெரியவர், யாரிடம் என்றில்லாமல்.

மகள் இரண்டு படங்களையும் கையில் எடுத்துக்கொண்டார். "எப்படி இப்படி ஆச்சு? எங்கயாவது கீழ விழுந்துச்சா?"

ஆமாம் விழுந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து வந்துவிடலாம். ரசீதில் அச்சடித்த வரியும் அப்படியே இருக்கும். ஒத்தைக்கண் சாருக்குத் தொண்டை வரை வந்தது அந்த வார்த்தை.

"விழலைம்மா. நான்தான் பண்ணினேன்" என்றார். பாதாள அறை, துவாரம், ஆன்டெனா, நகச்சாயம், ஒன்று விடாமல் சொன்னார். பெரியவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்துக்குள்ள ஒரு ஒல்லிப் பையன்" என்றார் கடைசியில். "ஒரு கண்ணை மூடிக்கிட்டு இருப்பான். ஷட்டர் மாட்டிக்கிச்சுன்னு குடுத்தேன். புதுசு மாதிரி ஆக்கிட்டேங்கன்னு சொன்னே நீ."

"சொன்னேங்க."

"முப்பத்தாறு வருஷம் பெட்டியில போட்டு வச்சேன்யா. சொந்தக் குழந்தை மூஞ்சியைப் பார்க்கத் துப்பில்லாத கண்ணுக்கு கேமரா எதுக்குன்னு வச்சேன். இவகிட்டச் சொல்லவும் வெட்கம்." அவர் சத்தம் போட்டுத் திட்டவில்லை. அடங்கின குரலில், நிறுத்தி நிறுத்தி, பத்து நிமிஷம் திட்டினார். ஒத்தைக்கண் சார் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். "என்னோடது மட்டுமா? இன்னும் எத்தனை பேர் குடியைக் கெடுத்தே?"

"ரெண்டு வருஷம் அங்க இருந்தேங்க. மூடிக்குள்ள மயில் கழுத்து நிறப் பொட்டு இருந்தா கொண்டுவாங்க, நானே சரி பண்ணித் தரேன்னு கடை வாசல்ல எழுதி ஒட்டியிருக்கேன்."

"அந்தச் சுவத்துப் பக்கமாப் போய் நில்லு. முதல் படம் உன்னைத்தான். எந்த மூஞ்சின்னு தெளிவாத் தெரியணும்."

போய் நின்றார். பெரியவர் நிதானமாக வளையத்தைத் திருகி அழுத்தினார். படம் எடுக்கிற பக்கமே எப்போதும் இருந்த மனிதருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மகள் இதையெல்லாம் பார்க்கவில்லை. பழைய படங்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு அடி என்றால் எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கிறவர்களிடம் 'இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி' என்று நாள் முழுக்கச் சொல்கிறவர். பிறந்தநாள் படத்தில் காலண்டர் மேல் விரலை வைத்தார். அங்கிருந்து ஒரு அடி முன்னால் கொண்டுவந்தார். விரல் தன் முகத்தில் வந்து நின்றது. அடுத்த படத்தில் நாற்காலி முதுகு. ஒரு அடி முன்னால் தன் முகம். கதவுத் தாழ்ப்பாள்; ஒரு அடி முன்னால் தன் முகம். அக்காவும் தானும் நிற்கிற படத்தை எடுத்து, தெளிவாகச் சிரித்துக்கொண்டிருந்த அக்காவின் மேல் விரலை வைத்தார். பிறகு மெதுவாக ஒரு அடி முன்னால் நகர்த்தினார்.

எல்லாப் படத்தையும் பார்த்து முடித்த பிறகு போனை எடுத்தார். அக்கா பேசத் தொடங்கும் முன்பே இவர் பேசிவிட்டார்.

"அக்கா, நான் பொறந்தப்புறம் அப்பாவுக்குக் கண்ணு போகலை. ஒண்ணும் போகலை. உன்னைப் பார்க்கலை, காலண்டரைப் பார்க்கலை. ஒம்பது வருஷமும் என்னையேதான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார்.

சுவரோரம் நின்ற ஒத்தைக்கண் சார் பக்கவாட்டில் திரும்பினார். பெரியவர் கேமராவை மகள் பக்கம் திருப்பியிருந்தார். வளையம் மெல்லச் சுழன்று, கொஞ்சம் பின்வாங்கி, நின்றது. பழக்க தோஷத்தில் இவர் கண்ணாலேயே தூரத்தை அளந்தார். இரண்டு மீட்டர் இருக்கும். கேமரா கிளிக்கென்றது.

"அழறப்பவாப்பா எடுப்பாங்க?" என்றார் மகள், போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே.

"ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்துச்சு" என்றார் அப்பா. "விட மனசு வரலை."